போட்டுடு

கடத்திக்கொண்டு போகிறவன் எவனாவது, "அவசரமில்லை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வா" என்று வாசலில் காத்துக்கொண்டு நிற்பானா?

புரூஃப் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையல் மேடையில் பழந்துணி ஒன்றின் மேல் அது ஒழுங்காகக் கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர். அதன் விளிம்பில் புத்தம் புதிதாக ஒரு நசுங்கல். டம்ளரின் மேல் வீட்டுச் சாவி.

"ஆளைத் தூக்கிட்டாங்க மாமா," என்றாள் வாயாடி. "நாளைக்குக் காலையில கூண்டு ஏற வேண்டிய சாட்சி, இன்னிக்குக் காலையில காணோம். இதுக்குத் துப்பு வேற துலக்கணுமா? மேஜர் ஆளுங்க வேலைதான். போலீசுக்குச் சொல்லிட்டு நாம போய் டீ குடிக்கலாம்."

"தட்டைப் பாரு."

"பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் நிம்மதியா இருக்கிற நாள்லகூட இவ்வளவு சுத்தமா கழுவினதில்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். கழுத்துல கத்தி இருந்தா தட்டு கழுவ முடியாது. அவன் தானா போயிருக்கான்."

புரூஃப் என்ற பேர் ஆதாரம் தேடுவதால் வந்தது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. பாதி ஆயுளை ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியே ஓட்டிய மனிதர் அவர். அடுத்தவர் எழுத்தில் விட்டுப்போன காலையும் கொம்பையும் தேடிப் பழகிய கண், அச்சகத்தை மூடிய பிறகு அடுத்தவர் பேச்சில் விட்டுப்போனதைத் தேட ஆரம்பித்தது. பிழைப்பு மாறியதே தவிர புத்தி மாறவில்லை. வாயாடி அவருடைய அக்காள் மகள். ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவள். நீதிபதி தும்மியபோது "ஆட்சேபணை" என்று முணுமுணுத்துவிட்டாள். அது நீதிபதி காதில் விழுந்துவிட்டது. மறுநாளிலிருந்து மாமாவுக்குத் துணை.

"தம்பிக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல அண்ணே?" என்று பட்டறைப் பக்கமிருந்து குரல் வந்தது.

மெக்கானிக்கின் மனைவி. வீட்டின் முன்னறைதான் பட்டறை. பழுதான தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை. புருஷன் இருந்தவரை கூட உட்கார்ந்து சுற்றினாள். இப்போது தனியாகச் சுற்றுகிறாள். அறை முழுக்க வார்னிஷ் வாடை.

"அவங்க காலையில சாப்பிட்டாங்க. நான் கம்பி வாங்கக் கடைக்குப் போனேன். வந்து பார்த்தா இல்ல. பயந்துட்டாங்க போல. பாவம், எனக்காகத்தானே இவ்வளவு பெரிய ஆளைப் பகைச்சுக்கிட்டாங்க!"

'அவங்க' என்று அவள் சொல்வது மேஜரின் ஜீப் டிரைவரை. வயதில் அவளுக்குச் சின்னவன். ஆனாலும் அவன் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்கதான். தனக்காக உயிரைப் பணயம் வைத்தவனை ஒருமையில் கூப்பிட அவளுக்கு நாக்கு வரவில்லை.

வழக்கு இதுதான். ராணுவ முகாமில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். போனான். மோட்டார் அறைக்குள் கைகால் கட்டப்பட்ட மனிதர்களைப் பார்த்துவிட்டான். பார்க்கக்கூடாததைப் பார்த்தவன் வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது சாலையில் மேஜரின் ஜீப் வந்தது. அதோடு அவன் கதை முடிந்தது. உடம்பை முகாம்காரர்களே எரித்துவிட்டார்கள். மனைவிக்குச் சாம்பல்கூடக் கொடுக்கவில்லை.

ஜீப்பில் இருந்த ஒயர்லெஸ் தவறுதலாகத் திறந்தபடியே கிடந்ததால், முகாமின் ஒலிப்பதிவில், ஜீப் இரைச்சலுக்கு நடுவே, ஒரே ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக மாட்டிக்கொண்டது. மேஜரின் குரலில், "போட்டுடு." அடுத்து ஒரு வெடிச் சத்தம்.

குரல் தன்னுடையது என்பதை மேஜர் கோர்ட்டில் மறுக்கவே இல்லை. "அந்த மனிதர் கையில் ஏதோ இருந்தது. ஸ்பேனர் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைக் கீழே போடச் சொன்னேன். பின்னால் வந்த காவல் வண்டியில் எவனோ ஒரு சிப்பாய் பயந்துபோய்ச் சுட்டுவிட்டான். யாரென்று தெரியவில்லை" என்றார். வருத்தமும் தெரிவித்தார்.

இதை உடைக்க இருந்தது ஒரே ஒரு வாய். ஜீப் டிரைவரின் வாய். 'பின்னால் எந்த வண்டியும் வரவில்லை. அந்தச் சாலையில் மேஜரும் நானும் மட்டும்தான். சுட்டது மேஜர்' என்று வாக்குமூலம் கொடுத்திருந்தான். அரசு வக்கீலுக்காகத் துப்புத் துலக்கிய புரூஃபைத் தேடி வந்து அழுது, தானாகக் கொடுத்தது. அவனை ஒளித்துவைக்க இடம் தேடியபோது, "என் வீட்டுல இருக்கட்டும். இங்க இருப்பாங்கன்னு எவனும் நினைக்க மாட்டான்" என்று முன்வந்தவள் இவள். "நல்லவன்தாம்மா. நான் பொறுப்பு" என்று கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டவர் புரூஃப்.

கைப்பேசி அலறியது. அரசு வக்கீல். அந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்லிப் பழக்கமில்லை.

"கிடைச்சானா?"

"தேடிட்டு இருக்கோம்."

"நாளைக்கு அவன் கூண்டுல நிக்கலன்னா வழக்கு படுத்துடும். மேஜர் மாலை போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவார். அந்தப் பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

புரூஃப் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். பட்டறைத் தரையைப் பார்த்தார். தூசிக்கு நடுவே சதுரமாக ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"இங்க நேத்து ஒரு மோட்டார் இருந்ததே?"

அவளும் அப்போதுதான் கவனித்தாள். "ஆமாண்ணே! அது தெருக்கோடி அடுக்குமாடி வீட்டுக்காரங்களோடது. தண்ணி இல்லாம தினம் வந்து சத்தம் போட்டாங்க. தம்பிதான் கூட இருந்து முடிச்சுக் கொடுத்தாங்க."

"உயிருக்குப் பயந்து ஓடறவன் இவ்வளவு பெரிய இரும்பைத் தூக்கிக்கிட்டா ஓடுவான்?" என்றார் புரூஃப்.

"ஓடினா தப்பில்ல மாமா. உடம்புக்கு நல்லது," என்று வாயாடி ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தாள்.

"நீங்க போய்ப் பாருங்கண்ணே," என்றாள் மெக்கானிக்கின் மனைவி. முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது. "மோட்டாரை மாட்டப் போயிருக்காங்க, அவ்வளவுதான். நான் சோறு கட்டி எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வரேன். மத்தியானம் பசி தாங்க மாட்டாங்க."

வாசலில் ஸ்கூட்டர் ஒரு உதைக்குக் கிளம்பவில்லை. வாயாடி அதற்குத் தகுந்த வசவு ஒன்றைக் கொடுத்தாள். கிளம்பியது.

"மேஜர்கிட்ட கத்துக்கணும் மாமா. வசவே கிடையாது. 'மரியாதை மேஜர்'னு சும்மாவா பேர் வச்சாங்க? வீட்டை இடிக்க வரும்போது என்ன சொன்னாராம் தெரியுமா? 'பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூசி படும்.' ஒரு பையனைக் கட்டி வச்சு அடிக்கிறதுக்கு முன்னாடி, 'சட்டையைக் கழட்டிடுங்க, கிழிஞ்சிடப் போவுது.' சாட்சி சொன்னவங்க எல்லாரும் இதைச் சொல்லித்தான் அழுதாங்க. அந்த ஆள் பொதுஜனத்துல சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க போங்க'ன்னுதான் கூப்பிடுவாராம்."

புரூஃப் பின்சீட்டில் நிமிர்ந்தார். "இன்னொரு தடவை சொல்லு."

"எதை? தூசி படும்கிறதையா?"

"கழட்டிடுங்க. தள்ளி நில்லுங்க. எல்லாத்துலயும் கடைசியில என்ன வருது?"

"ங்க வருது."

"பதிவுல?"

வாயாடி பிரேக்கை அழுத்திய வேகத்தில் புரூஃபின் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கியது. "போட்டுடு!" என்றாள் அவள். "போட்டுடுங்க இல்ல! மாமா, ஒரு 'ங்க' விட்டுப் போச்சு!"

"விட்டுப் போகல. அது அச்சுப்பிழையா இருந்தா இந்த மனுஷன் வாயில வேற ஒரு இடத்துலயாவது வந்திருக்கணும். மெக்கானிக்கிட்ட பேசியிருந்தா, 'கையில இருக்கிறதைப் போட்டுடுங்க'ன்னுதான் வந்திருக்கும். அவர் ஒருமையில பேசறது தன்கீழ வேலை பார்க்கிற சிப்பாய்கிட்ட மட்டும்தான்."

"அப்ப அது 'கீழ போடு' இல்ல." அவள் குரல் தணிந்தது. "'ஆளைப் போடு'. கொல்லச் சொன்ன உத்தரவு. மாமா! கேஸ் ஜெயிச்சாச்சு! ஒரு சாட்சி போனா என்ன, மேஜரோட மரியாதையே மேஜரை மாட்டி விட்டுடுச்சு!"

புரூஃப் சந்தோஷப்படவில்லை. அவர் நினைவு நேற்றுச் சாயங்காலத்துக்குப் போயிருந்தது. நாளைக்குக் கோர்ட்டில் திடீரென்று கேட்டால் அந்தப் பெண் தாங்கமாட்டாள் என்று, பதிவை நேற்றே பட்டறையில் போட்டுக் காட்டியிருந்தார். டிரைவர் காபி குடித்துக்கொண்டிருந்தான். "போட்டுடு" என்ற குரல் வந்ததும் அவன் கையிலிருந்த டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. எல்லாரும் திடுக்கிட்டார்கள். இறுக்கத்தைக் குறைக்க வாயாடிதான் சொன்னாள்: "பாருங்க, சொன்னதும் போட்டுட்டார்! மிலிட்டரி ஒழுங்குன்னா இதுதான்." மெக்கானிக்கின் மனைவிகூடச் சிரித்தாள். அந்த டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் மாமா உம்முனு வரீங்க?"

"நேத்து நீ ஒரு ஜோக் அடிச்சே."

"நான் தினம் நூறு அடிக்கிறேன்."

"அதுல ஒண்ணு ஜோக் இல்ல," என்றார் புரூஃப். "வண்டியை விடு."

அடுக்குமாடி வீட்டின் வாசலில் வாட்ச்மேன் வாய்கொள்ளாச் சிரிப்போடு நின்றார். "தண்ணி வந்துடுச்சு சார்! மிலிட்டரிக்காரர் மாட்டிக் கொடுத்துட்டார். கூலி வேண்டாம்னுட்டார். வேலை முடிஞ்சும் ரொம்ப நேரமா உள்ளயே உட்கார்ந்திருக்கார். ஏன்னு தெரியல."

மாடிப்படிக்கு அடியில் மோட்டார் அறை. குனிந்துதான் நுழைய வேண்டும். டிரைவர் ஈரத் தரையில் குந்தியிருந்தான். பக்கத்தில் ஒரு துணிப்பை, மடியில் ஸ்பேனர். மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் அவன் எழவில்லை. கையை நீட்டி மோட்டாரை அணைத்தான்.

"பஸ் ஏறத்தான் சார் கிளம்பினேன். அக்கா வேலை ஒண்ணு பாக்கி இருந்தது. அதை முடிச்சுட்டுப் போயிடலாம்னு வந்தேன். முடிஞ்சதும் கால் எழுந்துக்க மாட்டேங்குது."

"யாருக்குப் பயந்து ஓடறே? மேஜருக்கா?" என்று கேட்டாள் வாயாடி.

அவன் தலையாட்டினான். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

புரூஃப் எதிரே குந்தினார். "பின்னால எந்த வண்டியும் வரலைன்னு சத்தியம் பண்ணினியே, அது உண்மைதானே?"

"உண்மை சார். சத்தியமா யாரும் வரல. மேஜரும் நானும் மட்டும்தான்."

"மேஜர் உன்னை எப்படிக் கூப்பிடுவார்? வாங்க போங்கன்னா?"

"எங்களையா?" அவன் உதட்டில் கசப்பாக ஒரு சிரிப்பு வந்தது. "அதெல்லாம் ஊர்க்காரங்களுக்குத்தான் சார். எங்களுக்கு வா, போ, செய், அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவனுக்கு உறைத்தது. வாயாடிக்கும் அதே நேரத்தில்தான் உறைத்தது.

"அந்த ரோட்டுல இருந்தது மூணே பேர்," என்றார் புரூஃப். "ஒருத்தர் சொன்னவர். ஒருத்தர் செத்தவர். செத்தவர்கிட்ட 'ங்க' போடாம அவர் பேச மாட்டார். அப்ப 'போட்டுடு'ன்னு யார்கிட்டப்பா சொன்னார்?"

அவன் மடியிலிருந்த ஸ்பேனரை எடுத்துத் தரையில் வைத்தான்.

"என்கிட்டத்தான் சார்."

முகத்தை மூடிக்கொண்டு அவன் பேசினான். "அவர்தான் கை காட்டி ஜீப்பை நிறுத்தினார் சார். பயமே இல்ல முகத்துல. சிரிச்சுக்கிட்டே வந்து, 'தண்ணி வந்துடுச்சு சார்'னார். மோட்டார் சரியாயிடுச்சுன்னு சொல்லத்தான் நிறுத்தியிருக்கார். மேஜர் அவரைப் பார்த்துத் தலையாட்டிட்டு என் பக்கம் திரும்பினார். 'போட்டுடு'ன்னார். துப்பாக்கி என் பக்கத்துல இருந்தது. எதைன்னுகூட நான் கேட்கல சார். எனக்குப் புரிஞ்சுது. என் கை செஞ்சுது."

"அப்புறம் ஏன்டா மேஜர் சுட்டார்னு சொன்னே?" வாயாடியின் குரல் கிழிந்தது. "எங்க கையைப் பிடிச்சு அழுதியே!"

"அழுதது பொய்யில்லங்க. அந்தாளு உள்ள போகணும். நான் வெளிய இருக்கணும். ரெண்டும் நடக்கும்னு நினைச்சேன். என் பேரை அவரும் சொல்ல மாட்டார். சொன்னா, உத்தரவு போட்டது யாருன்னு நான் சொல்லிடுவேன்ல? நேத்து அந்தக் குரலைக் கேட்டதும் கை மறுபடியும் அது பாட்டுக்கு ஆடிடுச்சு. அக்கா குனிஞ்சு டம்ளரை எடுத்து, துடைச்சு, வேற காபி ஊத்திக் கொடுத்தாங்க சார். மேஜருக்குப் பயப்படல நான். அக்கா ஊத்தின அந்தக் காபிக்குத்தான் பயந்து ஓடினேன்."

"தண்ணி வந்துடுச்சுன்னு சொன்னாரா?"

மூன்று பேரும் திரும்பினார்கள். கதவருகே மெக்கானிக்கின் மனைவி நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

"ஆமாக்கா," என்றான் அவன். "அதான் கடைசியா சொன்னது."

புருஷன் கடைசியாக என்ன பேசினான் என்று யார் யாரிடமோ கேட்டு அலைந்தவள் அவள். அந்தப் பதில் இத்தனை நாளாக அவள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு, அவள் விரித்த பாயில் படுத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"அவர் தட்டுலதான் உங்களுக்குச் சோறு போட்டேன்," என்றாள். "வேற யாருக்கும் எடுக்காத தட்டு. கழுவி வச்சுட்டு வந்துட்டீங்க. கழுவினா போயிடுமா?"

அவன் அவள் காலை நோக்கித் தவழ்ந்தான். அவள் தூக்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விலகினாள். புரூஃப் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. நம்பிக் கெட்டவள் ஒருத்தி. நம்பச் சொல்லிக் கெடுத்தவர் அவர். யோக்கியன் என்று கையெழுத்துப் போடாத குறையாக அவர்தான் இவனைக் கொண்டுவந்து அந்தத் தட்டின் முன்னால் உட்காரவைத்தார். ஆனால் வருந்த நேரமில்லை. வக்கீலைக் கூப்பிட்டார்.

வக்கீல் முழுதும் கேட்டார். ஒரு பெருமூச்சு. பிறகு: "பழைய வாக்குமூலம் பொய்யின்னா, அதை வச்சு அவனைக் கூண்டுல ஏத்த முடியாது. புதுசா எழுதி, அவன் கையெழுத்தோட இன்னிக்கே எனக்கு வேணும். மேஜர் உத்தரவு போட்டார், நான் சுட்டேன்னு அவனே சொல்லணும். சொன்னா ரெண்டு பேரும் உள்ள. சொல்லலன்னா ரெண்டு பேரும் வெளிய. அவன்கிட்ட இதை மறைக்காம சொல்லிடுங்க."

புரூஃப் மறைக்காமல் சொன்னார். வாயாடி பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினாள். குமாஸ்தா கை, வேகமாக ஓடியது. எழுதி முடிக்கும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கும் புரூஃபுக்கே அது புதிது.

தாளும் பேனாவும் டிரைவர் கைக்குப் போயின. அவன் படித்தான். பேனாவைத் தாளில் வைத்தான். எடுத்தான்.

"இதுல போட்டா நான் திரும்பி வர மாட்டேன்ல சார்?"

"சீக்கிரம் வர மாட்டே."

"எங்கம்மாவுக்கு என்னைத் தவிர யாரும் இல்ல சார்."

அவன் கண் துணிப்பைக்குப் போனது, பிறகு கதவுக்கு. பேனா விரல் நுனியில் தொங்கியது. பஸ் இன்னும் போயிருக்காது. கதவை அடைத்து நிற்பது ஒரு பெண்ணும் ஒரு சாப்பாட்டுத் தூக்கும்தான். தள்ளிவிட்டு ஓடினால் பிடிக்க இந்த இடத்தில் யாருக்கும் தெம்பில்லை. புரூஃப் அவன் தோளைத் தொடப் போனார். தொடவில்லை. வற்புறுத்தி வாங்கினால் நாளைக்குக் கூண்டில் மாற்றிச் சொல்லிவிடுவான்.

மெக்கானிக்கின் மனைவி தூக்கைத் தரையில் வைத்தாள். உள்ளே வந்தாள். அவன் முன்னால் குனிந்தாள். இத்தனை நாளும் வாங்க, இருங்க, சாப்பிடுங்க என்று மட்டுமே அவனிடம் பேசிய வாய் அது.

"போட்டுடு," என்றாள்.

அவன் கை அசைந்தது. முழுப்பெயரும் போட்டான்.

வாயாடி தாளை வாங்கி மாமாவிடம் நீட்டினாள். பழக்கதோஷம், புரூஃப் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்துப் பார்த்தார். பிழை எதுவும் இல்லை. அவர் நிமிர்ந்தபோது அந்தப் பெண் திறக்காத தூக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தாள். வாட்ச்மேன் அவளிடம் தண்ணீர் வந்துவிட்டதென்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.